சத்து மாத்திரை

ஜூன் 10, திங்கள்

அங்கன்வாடி மையத்தில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. போன மாதம் யூனியன் ஆபீசில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்தேன் அல்லவா, அது சம்பந்தமாக நேரில் வரச் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் போனில் சொல்ல முடியாதாம். கை முழுக்க மாவு. ஆயா பொன்னாத்தா அக்காதான் போனை என் காதில் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னங்க டீச்சர்?" என்றார். சர்டிபிகேட் வாங்க வரச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு முகாமில் கொடுத்த படிவத்தில் இருபதுக்கு மேல் கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே டிக் அடித்தேன். சூப்பர்வைசர் மேடம் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் அப்படித்தான் அடித்தார்கள்.

இன்று வந்த பிள்ளைகள் பதினெட்டு. நாளைக்கு முட்டை.

ஜூன் 13, வியாழன்

ஈரோட்டுக்கு அவரும் கூட வந்தார். நான்கு தறியையும் நிறுத்திவிட்டு வந்தார்.

என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி என்ற கிருமி இருக்கிறதாம். ஈரலைச் சத்தமில்லாமல் அரிக்கிற கிருமி. பல வருடம் உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாதாம். அங்கே உட்கார்ந்திருந்த பெண், "எப்பவாச்சும் ரத்தம் ஏத்தியிருக்கீங்களா?" என்று கேட்டாள். மகள் இளமதி பிறந்தபோது இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அப்போதெல்லாம் எல்லா இடத்திலும் இந்தக் கிருமிக்குப் பரிசோதனை செய்ததில்லை, அதில் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பெருந்துறை தாண்டியதும், "அந்த ரத்தத்த நான்தான அம்மிணி ஓடிப்போய் வாங்கியாந்தேன்" என்றார்.

"நீங்க வாங்கியாரலீன்னா நான் அன்னிக்கே போயிருப்பனுங்க."

"இருவத்துநாலு வருசமா உன்ற ஒடம்புக்குள்ள வெசத்த ஏத்தி வெச்சிருக்கறேன்."

தறி ஓட்டிக் காய்த்துப்போன கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. இப்படி ஒரு மனுஷனை அழ வைத்துவிட்டு நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

ஜூலை 1, திங்கள்

பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. கிருமி இருக்கிறது, ஈரல் இன்னும் சுருங்கவில்லை. அவருக்கும் இளமதிக்கும் எடுத்துப் பார்த்தார்கள்; இருவருக்கும் இல்லை. அது ஒன்றே போதும்.

ஈரல் டாக்டர் ஓர் அம்மா. என் வயதுதான் இருக்கும். பன்னிரண்டு வாரம், தினம் ஒரு மாத்திரை, அரசாங்கமே கொடுக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் கிருமி அடியோடு போய்விடும் என்றார். "ஒரு நாளும் விடக்கூடாது. மறந்துட்டா மறுநாள் ரெண்டாப் போடக்கூடாது. இந்தப் பன்னெண்டு வாரமும் உங்க உடம்புக்குள்ள வேற என்ன போகுதுன்னு எனக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, பட்டியல் போல ஏதேதோ நோய்ப் பேர்களாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த அவர் சொன்னார்: "ஒண்ணும் கெடையாதுங்க டாக்டர். தலவலின்னாக்கூட மாத்திரை போட மாட்டா. சத்து மாத்திரை ஒண்ணு போடுவா, அவ்வளவுதானுங்க."

"என்ன சத்து மாத்திரை?"

"கால்சியமுங்க" என்றேன்.

"அடுத்த தடவை டப்பாவோட கொண்டுவாங்க."

மருந்து கொடுக்கும் இடத்தில் பர்வீன் என்று ஒரு பெண். அவளும் அதையே கேட்டாள். "அக்கா, நெஞ்செரிச்சல் மாத்திரை, கீழாநெல்லிப் பொடி, எதுவா இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம சேத்துப் போட்டுறாதீங்க." ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

இவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எண்பத்து நாலு கட்டம் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் சிரித்தார்.

ஜூலை 2, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு முதல் மாத்திரை. அவரே தம்ளரில் தண்ணீர் மோந்து வந்து, நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, கட்டத்தில் டிக் அடித்தார். சீட்டைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறார்.

சத்து மாத்திரையை வழக்கம்போல அவர் தறிக்குடோனுக்குப் போன பிறகு போட்டேன்.

ஜூலை 6, சனி

அண்ணன் வந்தார். வழக்கம்போல முறுக்கு டப்பா. மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் இவருக்குத் தெரியும், மச்சான் வருவார் என்று. "உங்கள மாதிரி தங்கச்சி மேல உசுரா இருக்கற ஆள நான் பாத்ததில்லீங்க மச்சான்" என்று இன்றும் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு காப்பி குடித்தார்.

அடுப்படியில் முறுக்குக்கு அடியிலிருந்த அட்டைகளை நான் எடுத்தபோது மெதுவாகக் கேட்டார். "ஈரல் டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவரு கூடவே இருந்தாருங்ண்ணா."

"அப்பச் சரி. சொல்லிறாத. இத்தன வருசம் கழிச்சு எதுக்கு."

லேசான தலைவலி. உடம்பு அசதி. இரண்டும் வரும் என்று பர்வீன் சொல்லியிருந்தாள்.

ஜூலை 10, புதன்

ஈரல் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். ஆங்கிலம். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. எதற்குப் படித்தேன் என்று தெரியவில்லை. மையத்தில் பிள்ளைகள் தூங்குகிற நேரம், மூன்று தாள் அளவு படித்துவிட்டேன்.

எந்தெந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல். அதில் ஒரு பேர். என் பையிலிருந்த சத்து மாத்திரை அட்டையை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே பேர்தான். சேர்த்துப் போட்டால் ஈரல் மாத்திரையின் வலு குறைந்துவிடும், கிருமி போகாது என்று போட்டிருக்கிறது.

பர்வீன் கொடுத்த நம்பரில் ஒன்பது எண்களை அழுத்தினேன். பத்தாவதை அழுத்தவில்லை. என்னவென்று சொல்வது? முதல் நாளே கேட்டார்களே என்பாள். அப்புறம் டாக்டருக்குப் போகும். அப்புறம் அவருக்கு.

ஜூலை 11, வியாழன்

இன்று முதல் சத்து மாத்திரை கிடையாது. எண்பத்து நாலு நாள்தானே. பதினோரு வருடமாக ஒன்றும் வந்ததில்லை.

ஜூலை 12, வெள்ளி

நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

தூக்கமில்லை. அவர் ஆட்டு ஈரல் வாங்கி வந்திருக்கிறார். ஈரலுக்கு ஈரல் நல்லது என்று கறிக்கடைக்காரர் சொன்னாராம். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மிளகு போட்டு வறுத்தேன்.

ஜூலை 15, திங்கள்

நாக்கு வீங்கியிருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

நடந்ததில் பாதிதான் எனக்குத் தெரியும். மீதி பொன்னாத்தா அக்கா சொன்னது.

கௌசல்யாவின் ஏழு மாதப் பெண் குழந்தையை எடை போடத் தூக்கினேன். பால் தீய்ந்த வாசனை வந்தது. மையத்தில் நேற்று பால் காய்ச்சவே இல்லை. அந்த வாசனை என்னவென்று எனக்குத் தெரியும். பத்தாவது முடித்த லீவிலிருந்து தெரியும். "அக்கா, புடிங்க" என்று குழந்தையை நீட்டினேனாம். அவர் வாங்கினாராம். அவர் கைக்குக் குழந்தை போனதும் நான் அப்படியே சாய்ந்தேனாம். பக்கத்தில் கல் மேடை. தலை அதில் படாமல் தரையில் பட்டது.

கண் விழித்தபோது பிள்ளைகள் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சேலையை இழுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அக்கா.

"டீச்சர், இது மயக்கமில்லீங்க. எங்கண்ணனுக்கு இருந்துச்சு. வலிப்புங்க."

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்கக்கா."

"நான் சொல்ல மாட்டனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்நேரம் நான் பின்னால தண்ணி புடிச்சிட்டு இருந்திருந்தா?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்க் குழந்தையை எடை மெஷினில் வைத்தார். ஆறு கிலோ எழுநூறு. பதிவேட்டில் நான்தான் எழுதினேன். கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

வலிப்பு. எழுதிவிட்டேன். பத்து வருடமாக நோட்டு எழுதுகிறேன், இந்தச் சொல்லை எழுதுவது இதுதான் முதல் தடவை. மையத்துப் பதிவேடுகளோடு சேர்த்து வைத்திருக்கிற நோட்டை யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்? ஆனாலும் எழுதியதில்லை.

அவரிடம் தலை சுற்றிக் கீழே விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். "ஈரல் மாத்திரை ஒத்துக்கலையாட்ட இருக்குது. இப்படி விழுந்து எந்திரிச்சு அதைத் தின்னோணுமா? நிறுத்திப்போட்டு நாட்டு மருந்து பாக்கலாமா?" என்கிறார்.

என் பொய்யை நம்பி, இருக்கிற நல்ல மருந்தையும் நிறுத்தச் சொல்கிறார்.

ஜூலை 18, வியாழன்

யூனியன் ஆபீசில் மீட்டிங் என்று சொல்லிவிட்டு ஈரோடு போனேன். கடைசிப் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பர்வீனிடம் அட்டையை நீட்டினேன். வாங்கிப் பேரைப் படித்தாள். கவுன்டரை விட்டு வெளியே வந்தாள்.

"அக்கா, இது எதுக்குப் போடறீங்க?"

"வலிப்புக்கு."

"ரெண்டையும் சேத்து எத்தனை நாள் போட்டீங்க?"

"ஒம்பது நாளு. அப்பறம் இதை நிறுத்திட்டேன்."

"நீங்களாவா?"

"நானாத்தான்."

அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்து வரிசையில் நின்றவர்களைத் தாண்டி டாக்டர் அறைக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர்தான் திட்டினார். அந்த மாத்திரை ஈரலை முடுக்கிவிடுமாம். கிருமி மாத்திரை வேலை செய்வதற்குள் ஈரலே அதைக் கரைத்து வெளியே தள்ளிவிடுமாம். அரைகுறை மருந்தில் கிருமி தப்பித்துப் பழகிவிட்டால் அப்புறம் இதே மருந்து கேட்காமல் போகலாம். அது ஒரு தப்பு. "அதைவிடப் பெரிய தப்பு, வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினது. விடாம வலிப்பு வந்து உயிரே போயிருக்கலாம். உங்களுக்குப் புரியுதா?"

புரிகிறது என்றேன்.

அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, "முதல் நாளே சொல்லியிருந்தீங்கன்னா, வலிப்புக்கு வேற மாத்திரை மாத்திக் கொடுத்துட்டு இதை ஆரம்பிச்சிருப்போம். அந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாது. அவ்வளவு சின்ன விஷயம்மா இது" என்றார்.

சின்ன விஷயம். இருபத்தைந்து வருடமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்ததை அந்த அம்மா அப்படிச் சொன்னார்.

நரம்பு டாக்டரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். ஈரல் மாத்திரை இப்போதைக்கு நிறுத்தம். வலிப்புக்குப் புது மாத்திரை தொடங்கி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, பழையதன் வேகம் உடம்பை விட்டுப் போன பிறகு ஈரல் மாத்திரையை முதலிலிருந்து மறுபடி. அதுவரை ஸ்கூட்டி ஓட்டக் கூடாது. தனியாகக் கிணற்றடிக்குப் போகக் கூடாது. குழந்தைகளைத் தூக்கக் கூடாது.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லப் போறதில்லை. அது உங்க விஷயம். ஆனா கட்டம் போட்டு டிக் அடிக்கிற மனுஷன்கிட்ட, ஏன் நிறுத்தினோம்னு என்ன சொல்லப் போறீங்க?"

ஜூலை 20, சனி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கரண்ட் போனது. தறி நின்று, வீடே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் சாப்பிட உட்கார்ந்தார். "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்" என்றேன். ஈரலில் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று நினைத்துவிட்டார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எல்லாம் சொன்னேன். தலை சுற்றவில்லை, வலிப்பு என்றேன். மாத்திரையை நானே நிறுத்தியது, குழந்தையை நீட்டியது, மீட்டிங் என்று போனது எல்லாம்.

"எப்ப இருந்து?"

"பதினாறு வயசுல இருந்து."

"கண்ணாலத்துக்கு முன்னாலயே."

"ஆமாங்க."

"உங்கூட்டுல எல்லாத்துக்கும் தெரியும்."

"ஆமாங்க. கண்ணாலம் ஆனாச் சரியாயிரும்னு சொன்னாங்க."

தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப மாசாமாசம் உங்கண்ணன் முறுக்கு டப்பா தூக்கிட்டு வந்தது இதுக்குத்தானா?"

தலையாட்டினேன்.

"ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே, என்ற மச்சான மாதிரி உண்டான்னு."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வாசற்படியில் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சீக்கு வந்தது உன்ற தப்பில்ல. அன்னிக்குப் பஸ்ஸுல நான் அழுதனல்ல. அப்பவாச்சும் நீ சொல்லியிருக்கலாம்."

கரண்ட் வந்துவிட்டது. தறிக்குடோனுக்குப் போய்விட்டார். சோறு அப்படியே கிடந்தது.

சாமி படத்துக்குக் கீழே இருந்த சீட்டைக் காணோம்.

ஜூலை 27, சனி

பேச்சில்லை. எட்டே முக்காலுக்கு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார். நான் ஏறிக்கொள்கிறேன். மையத்தில் இறக்கிவிடுகிறார். மூன்றரைக்கு வந்து நிற்கிறார். டாக்டர் ஸ்கூட்டி ஓட்டக் கூடாது என்று சொன்னதைச் சொன்னேன் அல்லவா, அதற்காக. பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடிப்பதா, கம்பியைப் பிடிப்பதா என்று எனக்குத் தெரிவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

அண்ணன் வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் போனில் சொன்னேன். இனி மாத்திரையை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் அழுதார். அவருக்கும் அறுபதாகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சூப்பர்வைசர் மேடத்திடம் வலிப்பைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். எடை போடுவதும் தொட்டிலில் போடுவதும் ஆயா வேலை, மற்றதெல்லாம் நான் என்று முடிவானது. "மேல கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார். கௌசல்யாவிடம் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தேன். அவள் குழந்தையை மறுநாள் அனுப்பவில்லை. அதற்கு மறுநாளும் அனுப்பவில்லை. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுதப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இளமதி கோயமுத்தூரிலிருந்து பேசினாள். அப்பா சொல்லிவிட்டாராம். என்னிடம் பேசாதவர் அவளிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்.

"எனக்கும் வருமாம்மா?" என்று கேட்டாள்.

நான் இதை நரம்பு டாக்டரிடம் கேட்டிருந்தேன். என் வகை வலிப்பு பிள்ளைகளுக்கு அநேகமாக வராது, இருபத்து நாலு வயதுவரை வரவில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை என்றார் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். அப்புறம் என்ன சமையல் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 17, சனி

பழைய மாத்திரை இன்றோடு முடிந்தது. புது மாத்திரையில் கோபம் வருகிறது, காரணமில்லாமல். குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சண்டை போட்டுவிட்டேன். இதையும் பர்வீனிடம் போன் போட்டுச் சொன்னேன். முன்பெல்லாம் எதையும் சொல்லத் தெரியாது, இப்போது எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் சலித்துக்கொள்வதில்லை. நரம்பு டாக்டரிடம் கேட்டு அளவைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 2, திங்கள்

ஈரல் மாத்திரை மறுபடி ஒன்றிலிருந்து. நானே தண்ணீர் மோந்து, நானே விழுங்கினேன். மையத்துப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நானே கட்டம் போட்டேன். கோடு கோணலாக வந்தது. எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் இந்த நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

மையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாள். "என் கண்ணு முன்னால போடுங்க" என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். இன்று அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "வீட்டுல வேற ஏதாச்சும் மாத்திரை போடறீங்களா? தனியாச் சொல்லோணும்னாலும் சொல்லுங்க" என்று ஒவ்வொருத்தரையும் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். ஒருத்தி சொன்னாள். என்னவென்று எழுத மாட்டேன். அது அவளுடையது.

செப்டம்பர் 19, வியாழன்

பதினெட்டாவது நாள். மையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பியவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். என்னிடம் அல்ல, பொன்னாத்தா அக்காவிடம்.

"அன்னிக்கு நீங்க என்னென்ன பண்ணுனீங்க, வரிசையாச் சொல்லுங்க."

அக்கா சொன்னார். ஒருக்களித்துப் படுக்க வைப்பது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

"சாவி குடுக்கோணும்னு சொல்லுவாங்களே?"

"அதெல்லாம் வேண்டாமுங்க. எங்கண்ணன் கையில சாவியக் குடுத்துக் குடுத்து உள்ளங்கையெல்லாம் காயம்."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என் பக்கம் திரும்பவில்லை. நான் பிள்ளைகளுக்கு 'அணில், ஆடு, இலை' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இலைக்கு அப்புறம் என்ன வரும் என்று மறந்துவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இளமதி வந்திருக்கிறாள். எண்ணெய்க் குளியல், பலகாரம், வந்தவர் போனவர் என்று எட்டு மணி மாத்திரை மறந்தே போய்விட்டது. இரண்டு மணிக்கு இலையில் கை வைத்தபோதுதான் நினைவு வந்தது. பர்வீனுக்குப் போன் போட்டேன். பண்டிகை நாளிலும் எடுத்தாள்.

"இப்பவே போட்டுருங்கக்கா. ஆறு மணி நேரந்தான ஆச்சு, ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் காலையில எப்பவும் போல ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வேண்டாம்."

போட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் வாசலில் நிற்கிறார்.

"எத்தனாவது?" என்றார்.

மூன்று மாதத்துக்கு அப்புறம் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"அறுவதுங்க."

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நவம்பர் 24, ஞாயிறு

எண்பத்து நாலு. முடிந்தது.

காலியான டப்பாவை எறிய மனசு வரவில்லை. எறிந்துவிட்டேன்.

பேச்சு இருக்கிறது இப்போது. உப்பு போதுமா, வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டும், இளமதிக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. அவ்வளவுதான். பழைய மாதிரி 'அம்மிணி' என்று கூப்பிடுவதில்லை. பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. நேராகச் செய்தியைத்தான் சொல்கிறார்.

பிப்ரவரி 27, வியாழன்

மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. டாக்டர் தாளை அவரிடம்தான் கொடுத்தார். அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"திரும்ப வராதுன்னு இல்லை. ஊசி, ரத்தம் எதுலயும் கவனமா இருங்க. வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர். பர்வீன் கவுன்டருக்குப் பின்னாலிருந்து கை காட்டினாள்.

பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் அந்தத் தாள் சட்டைப்பைக்குள் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

இளமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். காங்கயத்துக்காரர்கள். பையன் நல்ல மாதிரி. அப்பா, அம்மா, சித்தப்பா என்று ஏழு பேர். பஜ்ஜி தட்டு வைத்தாயிற்று. இளமதி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோரும் தம்ளரை எடுத்தார்கள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"குடிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. என்ற சம்சாரத்துக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போடறா, கட்டுக்குள்ள இருக்குது. ஈரல்ல கிருமி இருந்துச்சு, மருந்து தின்னு போயிருச்சு. இதா சீட்டு." சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "புள்ளைக்கு ஒண்ணும் கெடையாது. இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க."

தூணைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா தம்ளரைக் கீழே வைத்தார். பையன் இளமதியைப் பார்த்தான். அவன் அம்மா என்னைப் பார்த்தார். என்ன பார்வை என்று புரியவில்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள்.

அவர்கள் கார் திரும்பியதும் கேட்டுவிட்டேன். "என்னையப் பழிவாங்கறதுக்காச் சொன்னீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தப் பையனும் இருவத்தஞ்சு வருசம் கழிச்சுத் தெரிஞ்சுக்கோணுமா?"

"சொல்றதா இருந்தா நான் சொல்லியிருப்பேன். என்ற சீக்கு அது."

அவர் மேஜைமேலிருந்த தாளை எடுத்து மடித்தார். "அதுவுஞ் செரிதான்" என்றார்.

இளமதி பஜ்ஜியைத் தின்றுகொண்டே, "ரண்டு பேரும் என்னையக் கேக்கவே இல்ல" என்றாள். அவள் சொன்னதுதான் நியாயம்.

மார்ச் 13, வியாழன்

மாலையில் போன் வந்தது. பையனின் அம்மா. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். பேச்சு வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

"அவங்க இன்னும் முடிவு சொல்லலீங்க. நான் அதுக்குக் கூப்பிடல. உங்களுக்குப் பாக்கற டாக்டரு எங்கீங்க இருக்கறாங்க?"

"யாருக்குங்க?"

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், யாருக்கு என்று சொன்னார். எத்தனை வருடமாக என்று சொன்னார். யாருக்கெல்லாம் தெரியாது என்றும் சொன்னார். நான் ஆஸ்பத்திரி, நாள், அறை எல்லாம் சொன்னேன். "போடற மாத்திரை எல்லாத்தையும் அட்டையோட எடுத்துட்டுப் போங்க. எதையும் வீட்டுல வெச்சிட்டுப் போயிறாதீங்க" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்க, உங்க வீட்டுல கூட" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

போனை வைத்துத் திரும்பினால் அவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"யாரு போனுல?"

சுகாதார நிலைய நர்ஸ் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. எவ்வளவு லேசாக வருகிறது அது.

"பையனோட அம்மாங்க. என்ன பேசுனாங்கன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கறேன்."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ்வளவு நேரம் பார்த்தார்.

"செரி" என்றார். "ரசம் ஊத்து, அம்மிணி."